மணலும் திரையும்: மாறும் காலத்தில் பள்ளி எதைக் கற்பிக்க வேண்டும்?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் பிறந்தது முதல் ஜூன் முடியும் வரை திருவனந்தபுரம் பழவங்காடிப் பகுதியின் பரபரப்பு இரட்டிப்பாகிவிடும். பிள்ளையார் கோவில் முன் சிதறுகாய் உடையும் ஓசை எப்போதும்போல் கேட்டுக்கொண்டிருக்கும். கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வரை புத்தகப்பை, குறிப்பேடு, குடை, மழைச்சட்டை வாங்க வரும் குடும்பங்களின் நெரிசல் நாளுக்கு நாள் கூடும். அதே வாரங்களில் வங்கிக் கிளைகளில் கல்விக்கடன் பற்றிய விசாரணைகளும் மிகும். முன்பெல்லாம் பெற்றோர் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். வட்டி எவ்வளவு, பிணை தேவையா, தவணை எப்போது தொடங்கும்? அண்மை ஆண்டுகளில் நான்காவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "இந்தப் படிப்பை முடித்து வெளியே வரும்போது இதற்கு வேலை இருக்குமா? எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிடும் என்கிறார்களே!"

முதல் மூன்று கேள்விகளுக்கும் வங்கி அலுவலர் விடை சொல்லிவிடலாம். நான்காவதற்கு உறுதியான விடை எவரிடமும் இல்லை. எனினும் நான்கினுள் கனமானது அதுவே. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பும், பிள்ளையின் இளமையில் பத்துப் பதினைந்து ஆண்டுகளின் தவணையும் அதனைச் சார்ந்தே நிற்கின்றன. பள்ளி எதைக் கற்பிக்க வேண்டும், எந்தக் கருவியைக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்னும் விவாதம் இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. அதற்கு நம் கண்முன்னே நல்லதொரு எடுத்துக்காட்டு உண்டு. கடந்த கால் நூற்றாண்டாகக் கணினியைப் பொதுப்பள்ளிக்குள் கொண்டுசெல்ல முயன்றுவரும் கேரளத்தின் அனுபவமே அது. அதன் நிறைகுறைகள் ஒவ்வொரு பெற்றோருக்கும் பயன்படத்தக்கவை.

மணலில் எழுதிய பாடம்

கருவியைப் பற்றிய பேச்சு புதியதன்று. நம் திண்ணைப் பள்ளிகளின் முதற் கருவி மணல். பரப்பிய மணலில் விரலால் எழுத்தை வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்து பிள்ளைகள் பயின்றனர். செலவில்லாத பலகை அது. தவறினால் ஒரு கை வீச்சில் அழித்துவிடலாம். எழுத்து வசப்பட்ட பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. எண்சுவடியை மனப்பாடம் செய்து, முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை கீழ்வாய்க் கணக்கில் தேறிய பிள்ளை, கடைத்தெருவில் நெல்லையும் எண்ணெயையும் அளந்து விற்கத் தகுதி பெற்றான். அக்காலத்து வாழ்வுக்குத் தேவையானதை அக்காலத்துப் பள்ளி கற்பித்தது.

அப்பள்ளிகளில் மற்றொரு சிறப்பும் இருந்தது. முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாக அமர்ந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். சென்னை எழும்பூரில் 1789-இல் தொடங்கப்பெற்ற ஆண் அநாதைப் பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் காப்பகத்தில் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டே இளையவருக்குக் கற்பிக்கவும் செய்தார். தம் அனுபவத்தை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரில் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் அது பரவியது.

இதிலிருந்து இரண்டு செய்திகளை நாம் மனத்திற் கொள்ளலாம். கருவி எளியதாயினும் கற்றல் ஆழமாக இருக்க முடியும் என்பது ஒன்று. பிறருக்குக் கற்பிக்கும்போதுதான் தான் கற்றது உறுதிப்படும் என்பது மற்றொன்று. இன்றைய திரைகளின் காலத்திலும் இவ்விரண்டும் மாறவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

கதவு யாருக்குத் திறந்தது?

திருவிதாங்கூரில் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை இராணி கௌரி பார்வதி பாய் 1817-ஆம் ஆண்டிலேயே ஆணையாக வெளியிட்டார். இரு நூற்றாண்டுகளுக்கு முன் இப்படியொரு ஆணை பிறந்தது பெருமைக்குரியதே. ஆயினும் ஆணை பிறந்தவுடன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தனர். ஐயன்காளி அவர்கள் பஞ்சமி என்னும் சிறுமியைத் திருவனந்தபுரத்தை அடுத்த ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அதனைப் பொறாதவர்கள் பள்ளிக் கட்டடத்தையே தீக்கிரையாக்கினர். பிள்ளைகளின் படிப்புரிமைக்காக வயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த வரலாறும் இம்மண்ணுக்கு உண்டு. பின்னர் நீண்ட பயணத்தின் முடிவில், 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

கல்வியின் வாயில் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய இடத்தில் அமைகிறது. ஒரு காலத்தில் அது பள்ளியின் படிக்கட்டாக இருந்தது. பிறகு எழுத்தறிவாக ஆயிற்று. இன்று கணினியும் இணையமும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. வாயில் எங்கே இருக்கிறது என்பதை அறிவதோடு, அதன் வெளியே நிற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு மாநிலத்தின் முயற்சி

கேரளத்தின் பொதுப்பள்ளிகளில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டம் 2001-02 கல்வியாண்டில் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-இல் அமைந்ததும், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடக்கம் கண்டதும் திருவனந்தபுரத்தில்தான். கல்விக்கென்றே நம் நாடு உருவாக்கிய எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று விண்ணில் செலுத்தப்பட்டது. அதன் துணையோடு அன்று இயங்கிய விக்டர்ஸ் கல்வி அலைவரிசையை, 2005 ஜூலையில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் இந்நகரில் தொடங்கிவைத்தார். தும்பாவில் பணியாற்றிய காலத்தில் இந்நகரைத் தம் ஊராகவே கொண்டிருந்தவர் அவர்.

இம்முயற்சியில் குறிப்பிடத்தக்க முடிவு ஒன்று உண்டு. பள்ளிக் கணினிகளில் உரிமக் கட்டணம் செலுத்தும் மென்பொருள்களைக் கைவிட்டு, கட்டற்ற மென்பொருளுக்கு மாநிலம் படிப்படியாக மாறியது. இதனால் செலவு குறைந்தது என்பது வெளிப்படை. அதைவிடப் பெரிய பயன், ஆசிரியர்கள் தமக்கு வேண்டியவாறு மென்பொருளை மாற்றியமைத்துக்கொள்ள முடிந்தது என்பதாகும். ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளை இயக்கப் பழகும் பயிற்சியாகக் கணினிப் பாடம் சுருங்கவில்லை.

2017-இல் இத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின் கீழ், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள 4,752 பள்ளிகளின் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் வழங்கப்பட்டன. 2024-இல் ஏழாம் வகுப்புப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவு இடம்பெற்றது. 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபாட்டிக்ஸ் பாடம் வந்தது. பணம் படைத்த தனியார் பள்ளிகளில் மட்டும் கிடைக்கும் என்று கருதப்பட்ட பாடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தமை சிறிய செய்தியன்று.

2020 கற்பித்தது

இத்தனை ஏற்பாடுகளும் 2020-இல் கடுஞ்சோதனைக்கு உள்ளாயின. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த நிலையில், ஜூன் 1 அன்று விக்டர்ஸ் அலைவரிசையில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் பெயரில் வகுப்புகள் தொடங்கின. கல்வியாண்டு வழக்கமாகத் தொடங்கும் அதே நாளில் பாடம் தொடங்கியது பெரிய நிர்வாகச் சாதனை. ஆனால் அதற்கு முன் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் சுமார் 2.6 லட்சம் மாணவர்களின் வீடுகளில் தொலைக்காட்சியோ திறன்பேசியோ இல்லை. வகுப்பறைகள் நவீனமாகியிருந்தன, வீடுகள் அவ்வாறு ஆகவில்லை. மலைப்பகுதிக் குடியிருப்புகளிலும், கடற்கரைக் கிராமங்களிலும், தேயிலைத் தோட்ட லயங்களிலும் இவ்வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரிந்தது.

அப்போது உதவிக்கு வந்தவை பழைய அமைப்புகளே. ஊர் நூலகங்கள், அங்கன்வாடிகள், படிப்பகங்கள் ஆகியவற்றில் தொலைக்காட்சிகள் வைக்கப்பட்டுப் பிள்ளைகள் ஒன்றுகூடிப் பாடம் கேட்டனர். தமிழ் வழியிலும் கன்னட வழியிலும் பயிலும் மாணவர்களுக்குத் தனி வகுப்புகள் தயாராயின. அண்டையிலுள்ள தமிழ்நாட்டில், 2019-இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி இதே பணியை ஆற்றியது. பள்ளி மூடிய காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டபோது, அங்கும் தன்னார்வலர்கள் தெருத் திண்ணையிலும் வீட்டு முற்றத்திலும் அமர்ந்தே கற்பித்தனர். செயற்கைக்கோள் வரை சென்ற கல்வி மீண்டும் திண்ணைக்கு வரவேண்டியிருந்தது.

வங்கித் துறையினருக்கு ஆர்வமூட்டும் மற்றொரு முயற்சியும் அக்காலத்தில் நடந்தது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் வழியே கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ. நிறுவனம் 'வித்யாஸ்ரீ' என்னும் குறுஞ்சீட்டுத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. மாதம் 500 ரூபாய் வீதம் 30 மாதங்கள் செலுத்த வேண்டும். முதற் சில தவணைகளுக்குப் பின்னரே மடிக்கணினியைப் பெறலாம். ஒரே தவணையில் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுக்க இயலாத குடும்பமும், மாதம் 500 ரூபாய் ஒதுக்க இயலும் என்னும் எளிய உண்மையின்மேல் எழுந்த திட்டம் இது. ஆனால் மடிக்கணினிகள் வந்துசேர்வதில் பெருந்தாமதம் ஏற்பட்டது. காத்திருந்த குடும்பங்கள் பல ஏமாற்றமும் அடைந்தன. பணத்திற்கு வழி கண்டுவிட்டால் மட்டும் போதாது. பொருள் உரிய காலத்தில் வந்தால்தான் அது கல்விக்கு உதவும். ஒரு பிள்ளைக்கு ஏழாம் வகுப்பு ஒருமுறைதான் வரும்.

கருவி வந்தபின்?

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. ஊரகப் பகுதிகளை ஆராய்ந்த 2024-ஆம் ஆண்டின் 'அசர்' அறிக்கையின்படி, நாட்டில் 14 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களில் 82 விழுக்காட்டினருக்குத் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரியும். அவர்களுள், கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் கல்வி தொடர்பான செயலுக்கு அதனைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்திற்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. கருவி வீட்டுக்குள் வந்துவிட்டது. அதனோடு பாடமும் வந்துவிட்டதாகக் கொள்ள இயலாது.

உலக நாடுகள் பலவும் இதனை எதிர்கொள்கின்றன. பிரான்சு 2018-இலேயே பள்ளிகளில் பிள்ளைகள் கைப்பேசி பயன்படுத்துவதைச் சட்டத்தால் தடுத்தது. திரைகளைப் பெரிதும் நம்பியிருந்த சுவீடன், 2023-இல் அச்சுப் புத்தகங்களுக்கும் கையெழுத்துப் பயிற்சிக்கும் மீண்டும் முதன்மை தரத் தொடங்கியது. அதே ஆண்டில் வெளியான யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, தொழில்நுட்பத்தை யாருடைய தேவைக்காகப் பள்ளியில் புகுத்துகிறோம் என்னும் கேள்வியை எழுப்பியது. கற்பவருக்கு நன்மை உண்டு என்பதற்கான சான்றைக் கண்ட பின்னரே செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். கடன் வழங்கும் முன் திட்டத்தின் பயனை ஆராயும் வங்கியின் வழக்கத்திற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

பேரேட்டிலிருந்து ஒரு பாடம்

இயந்திரம் வந்தால் மனிதத் திறன் எதற்கு என்னும் ஐயத்தை வங்கித் துறை ஏற்கெனவே ஒருமுறை கடந்துவந்திருக்கிறது. வங்கிகளைக் கணினிமயமாக்குவது குறித்து ஆராய, டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் தன் அறிக்கையை அளித்தது. அன்று ஊழியர்களிடையே அச்சமும் எதிர்ப்பும் இருந்தன. நான் பணியில் சேர்ந்த 2000-களின் தொடக்கத்தில், கனத்த பேரேடுகள் விடைபெற்றுக்கொண்டிருந்தன. கோர் பேங்கிங் முறை ஒவ்வொரு கிளையாக வந்துகொண்டிருந்தது. வட்டியைக் கையால் கணக்கிடுவதிலும், நீண்ட கூட்டலைப் பிழையின்றிப் போடுவதிலும் பெயர் பெற்றிருந்த மூத்த அலுவலர்கள் பலர் அன்று இருந்தனர். அவர்களது கூட்டல் வேகத்தின் மதிப்பு ஓராண்டில் மறைந்துபோயிற்று. ஆனால், ஒரு பதிவைப் பார்த்த மாத்திரத்தில் "இது சரியாக இல்லையே" என்று சொல்லும் அவர்களது கண்ணுக்கு மதிப்பு கூடியது. கணினி பிழையையும் மின்னல் வேகத்தில் பரப்பவல்லது என்பதால், அதனைத் தொடக்கத்திலேயே அடையாளம் காண்பவர் தேவைப்பட்டார்.

வணிகவியல் பயின்றோர் அறிந்த செய்தி ஒன்றை இங்கு நினைவூட்டலாம். இருப்பாய்வில் பற்றும் வரவும் சமமாக இருந்தால் கணக்கு சரி என்று முதலில் தோன்றும். ஆனால் ஒருவர் கட்டிய தொகையை மற்றொருவர் கணக்கில் வரவு வைத்துவிட்டாலும் இருப்பாய்வு சமமாகவே நிற்கும். இருபுறமும் பொருந்தியிருப்பது ஒன்று. உண்மையாக இருப்பது வேறொன்று. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் விடைகளும் இத்தகையவை. இலக்கணம் சரியாக இருக்கும், வரிசை ஒழுங்காக இருக்கும், தயக்கமின்றிப் பேசும். உள்ளே தவறான செய்தி ஒன்று சரியான தொகைபோல் அமர்ந்திருக்கவும் கூடும். மூலச் சீட்டைப் பார்த்தவருக்கு மட்டுமே அது தெரியும்.

ஆகையால் இயந்திரம் விடை தரும் காலத்தில் பாட அறிவு தேவையில்லை என்பது பொருந்தாது. எதுவும் அறியாதவரால் ஐயுறவும் இயலாது. விகிதக் கணக்கு தெரிந்த மாணவிக்குத்தான் தவறான விழுக்காடு கண்ணில் உறுத்தும். மனப்பாடம் ஒன்றையே நோக்கமாகக் கொண்ட தேர்வுகள் மாற வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. அதன் பொருட்டு வாய்பாட்டையும் வாசிப்பையும் கைவிடுவது, பேரேடு போய்விட்டது என்பதற்காகக் கணக்கியலையே மறந்துவிடுவது போன்றதாகும். வாசித்துப் பொருள் கொள்ளுதல், எண்களை மதிப்பிடுதல், தெளிவாக எழுதுதல், தெரியாததைக் கேட்டல், பிறரோடு சேர்ந்து உழைத்தல் ஆகிய திறன்கள் எந்தக் கருவி வந்தாலும் விலை குறையாதவை.

மீண்டும் சட்டாம்பிள்ளை

கேரளத்தின் முயற்சிகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை அளிப்பது, 2018 ஜனவரியில் தொடங்கப்பட்ட 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் அமைப்பு. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுள் ஆர்வமும் திறனும் உடையவர்களைத் தேர்ந்து, அசைவூட்டம், நிரலாக்கம், மின்னணுவியல், வன்பொருள் பராமரிப்பு, இணையப் பாதுகாப்பு முதலியவற்றில் பயிற்சி தருகின்றனர். பள்ளிக் கணினிகளைப் பேணுவதிலும், மற்ற மாணவர்க்குக் கற்பிப்பதிலும் இவர்களே துணைநிற்கின்றனர். 2022-இல் இப்பிள்ளைகள் தம் பள்ளிகளில் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சியும் அளித்தனர். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை புதிய உருவில் திரும்பி வந்திருக்கிறான். இம்முறை சிறுமிகளும் அவ்விடத்தில் அமர்கின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சியில் நிகழ்ந்ததும் இதனோடு தொடர்புடையது. அங்கு முதியோர் உட்பட அனைவருக்கும் திறன்பேசிப் பயன்பாட்டைக் கற்பிக்கும் இயக்கம் 2021-இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் வீடுகளுக்கும் ஊரக வேலை உறுதித் திட்டப் பணியிடங்களுக்கும் நேரே சென்று கற்பித்தனர். 2022 செப்டம்பரில் அது கேரளத்தின் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அம்முறை மாநிலமெங்கும் 'டிஜி கேரளம்' என விரிந்தது. சுமார் 22 லட்சம் பேர் அடையாளம் காணப்பட்டுப் பயிற்சி பெற்றனர். 2025 ஆகஸ்ட் 21 அன்று மாநிலம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பயின்றவர்களுள் நூறு வயதைக் கடந்தவர்களும் இருந்தனர். கற்றல் இருபத்திரண்டு வயதில் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

வங்கிக் கிளைகளில் இதன் பயனை நேரிற் காண்கிறோம். 'டிஜிட்டல் கைது' என்றும், கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது என்றும் மிரட்டும் அழைப்புகள் பெரும்பாலும் முதியோரையே குறிவைக்கின்றன. ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லக்கூடாது என்பதை வங்கி நூறு முறை குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. அதே சொல்லைப் பேத்தி வீட்டில் ஒருமுறை சொன்னால் பாட்டியின் மனத்தில் நின்றுவிடுகிறது. பள்ளியில் ஒரு மாணவி பெறும் இணைய அறிவு, மூன்று தலைமுறையின் சேமிப்பைக் காக்கும்.

தமிழ்ப் பிள்ளையின் மொழி

பழவங்காடியைச் சுற்றியுள்ள சாலை, வலியசாலை, கரமனைப் பகுதிகளில் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்கின்றனர். சாலைப் பகுதியில் அரசுத் தமிழ்ப் பள்ளியும் உண்டு. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே தமிழில் எழுதி, 2015-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற ஆ. மாதவன் அவர்களை இப்பகுதியினர் நன்கறிவர். வகுப்பறைக்கு வெளியேயும் கல்வி உண்டு, கடைத்தெருவும் ஒரு பள்ளிதான் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இங்குள்ள தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் மலையாளமும், திரையில் ஆங்கிலமும் பழகுகிறது. இது சுமை என்று பலர் கருதுகின்றனர். முறையாகப் பேணினால் இதுவே செல்வம். ஆனால் ஐயத்தைத் தன் சொந்த மொழியில் கேட்கும் வாய்ப்பு அப்பிள்ளைக்கு வேண்டும். புதிய கருவிகள் பல மொழிகளில் பேசத் தொடங்கியிருப்பினும், அவற்றின் ஆழம் எல்லா மொழிகளிலும் ஒன்றுபோல் இல்லை. தமிழில் நல்ல பாடநூலும், நல்ல கலைச்சொல்லும், நல்ல ஆசிரியரும் இருக்கும் வரையில்தான் இயந்திரத்தின் தமிழ் விடையைச் சீர்தூக்கிப் பார்க்க ஆள் இருப்பர்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

பாடத்திட்டத்தை மாற்றுவது அரசின் பணி. வீட்டளவில் நாம் செய்யக்கூடியவை சில உள்ளன.

முதலாவது, பிள்ளைகளுக்குப் பணத்தைப் பழக்குதல். ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பத்து வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கும் வைப்புக் கணக்கும் தொடங்கி இயக்க, வங்கிகள் தம் வரம்புகளுக்கு உட்பட்டு அனுமதிக்கலாம். அக்கணக்கில் இருப்பை மீறி எடுக்க இயலாது. மாதந்தோறும் கணக்கு அறிக்கையைப் பிள்ளையோடு அமர்ந்து படித்துப் பாருங்கள். பற்று எது, வரவு எது, வட்டி எவ்வாறு சேர்ந்தது என்று அவர்களே விளக்கட்டும். கணிதப் பாடத்திற்கும் வாழ்க்கைக்கும் இடையே அதுவொரு பாலம்.

இரண்டாவது, இணையவழிப் பயிற்சி நிறுவனங்களிடம் விழிப்பாயிருத்தல். இலவசமாகத் தொடங்கலாம் என்னும் விளம்பரத்தின் பின்னே தானியங்கிப் பணப்பிடிப்புக்கான ஒப்புதலோ, உங்கள் பெயரில் ஒரு கடன் ஒப்பந்தமோ மறைந்திருக்கலாம். ஒன்றிய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் இது குறித்துப் பெற்றோரை எச்சரித்து அறிவுரை வெளியிட்டது. கையொப்பமிடும் முன், விலகும் வழியும் பணம் திரும்பப் பெறும் விதியும் எழுத்தில் உள்ளனவா என்று பாருங்கள். ஆவணத்தில் 'கடன்' என்னும் சொல் எங்கேனும் இருந்தால், அருகிலுள்ள வங்கிக் கிளையில் காட்டி விளக்கம் கேட்கத் தயங்க வேண்டாம்.

மூன்றாவது, உயர்கல்விக் கடனைத் திட்டமிட்டு எடுத்தல். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், பொதுவாக 4 லட்சம் ரூபாய் வரை மாணவர் பங்குத்தொகை கேட்கப்படுவதில்லை. கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் வரும் கடன்களுக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையும் தேவையில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை விலக்கு உண்டு. பதினைந்து ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் சேரும் மாணவர்களுக்கு, ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பமாயின், 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை கிடைக்கும். தவணை விலக்குக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை மறவாதீர்கள். இயன்றபோது அதனை மட்டுமேனும் செலுத்திவந்தால் பின்னாளில் பாரம் குறையும்.

நான்காவது, படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரில் மயங்காதிருத்தல். 'செயற்கை நுண்ணறிவு' என்னும் சொல்லைப் பெயரோடு ஒட்டிக்கொண்ட படிப்புகள் இன்று பல உள்ளன. நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்களா, ஆய்வகம் இயங்குகிறதா, கணிதத்திற்கும் மொழிக்கும் உரிய இடம் தரப்பட்டிருக்கிறதா, சென்ற ஆண்டு மாணவர்கள் எங்கே பணியாற்றுகிறார்கள் என்று நேரிற் சென்று விசாரியுங்கள். அடிப்படை வலுவாக உள்ள சாதாரணப் பட்டம், அடிப்படையில்லாத புதுப்பெயர்ப் பட்டத்தைவிட நெடுநாள் உழைக்கும்.

ஐந்தாவது, இணையத்தில் பணம் பறிபோனால் ஒரு கணமும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைப்பதையும், உடனே வங்கிக்குத் தெரிவிப்பதையும் வீட்டிலுள்ள அனைவருக்கும் பழக்கிவையுங்கள். பிள்ளைகளிடமே இப்பொறுப்பை ஒப்படைக்கலாம்.

இன்று முதல் வகுப்பில் சேரும் குழந்தை 2060-களிலும் உழைத்துக்கொண்டிருக்கும். அன்று எந்தத் தொழில் இருக்கும், எந்தக் கருவி இருக்கும் என்று இன்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் அன்றும் ஒருவர் தம்முன் வைக்கப்பட்ட தாளைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். தொகை சரிதானா என்று பார்க்க வேண்டியிருக்கும். தெரியாத புதிய ஒன்றைக் கூச்சமின்றிக் கற்கத் தொடங்க வேண்டியிருக்கும். இவற்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் வேறுபாடின்றி வழங்கும் பள்ளியே எதிர்காலத்திற்கான பள்ளி. அத்தகைய பள்ளி நம் ஊரில் எங்கே இருக்கிறது என்று தேடுவதும், இல்லையெனில் இருக்கும் பள்ளியை அவ்வாறு ஆக்கப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் ஒரு நாற்காலியில் போய் அமர்வதும், பெற்றோராகிய நம்மால் இந்தக் கல்வியாண்டிலேயே இயலும்.